நீலக்கோடு போட்ட தட்டு

தட்டில் வளர்கிற செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. தீபாவளி கிடையாது, பந்த் கிடையாது, ஊரே கடையடைத்தாலும் அதுகளுக்கு நேரத்துக்குச் சோறு போட்டாக வேண்டும். போடாவிட்டால் திங்கட்கிழமை வந்து பார்க்கையில் ரோஸ் நிறத் தண்ணீர் மஞ்சளாகிக் கிடக்கும், ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் ரெஜினா ஒரு வார்த்தை திட்ட மாட்டார், தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பேசாமல் வைப்பார், அந்தப் பேசாமைக்கு நாலு திட்டே தேவலை. அதனால் துளசிமணி இந்த ஞாயிறும் வந்துவிட்டாள். மணி பத்தே கால். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கைகளை மட்டும் அந்தப் பக்கம் நீட்டி, ஸ்பிரிட் தெளித்த கையுறையோடு, மேலிருந்து இறங்குகிற சுத்தக் காற்றின் ஹோவென்ற சத்தத்துக்குள் வேலையை ஆரம்பித்தாயிற்று. கை வேலையில்தான் இருக்கிறது, மனசுதான் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. பத்து நாற்பதுக்கு அங்கிருந்து பஸ் கிளம்பும். அதில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஏறுவார், தனியாக, பக்கவாதம் வந்த ஒன்பது மாசத்தில் முதல் தடவையாகத் தனியாக, ரத்தினபுரி வீட்டிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவந்து ஏறி, அவிநாசி ரோட்டில் இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு எதிரே இறங்கி, அவளைக் கூட்டிக்கொண்டு போக வருவார். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்பார். சித்ரா என்று சொல்ல வேண்டும். சித்ரா என்பது இங்கே பெண்பிள்ளை பேரல்ல, பஸ் ஸ்டாப்பு. மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்து அவர் வாயில் வருமா வராதா என்பதில்தான் அவள் உயிர் காலையிலிருந்து ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

பிப்பெட்டை எடுத்தாள். இந்தத் தட்டுகளில் இருப்பது எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த மூலச்செல்கள், உருண்டை உருண்டையாகச் சேர்ந்து மிதக்கும், ஜவ்வரிசியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தட்டை லேசாகச் சாய்த்து இரண்டு நிமிஷம் காத்திருந்தால் உருண்டைகள் அடியில் போய் உட்காரும், பிறகு மேல் தண்ணீரில் பாதியை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் பழைய தண்ணீரோடு உருண்டையும் போய்விடும். ஆத்திரக்காரிக்கு இந்த வேலை ஆகாது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவளை, கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவளை, கையைப் பார்த்துத்தான் டாக்டர் ரெஜினா இங்கே உட்கார வைத்தார், உங்க கை நடுங்கறதில்லைங்க துளசிமணி என்று. நடுங்காத கை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் நடுங்கவில்லை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட. புரட்டாசி சனிக்கிழமை, கூட்டமான கூட்டம், லட்சுமி மில் தாண்டி அவர் விசில் ஊதவேண்டிய இடத்தில் ஊதவில்லையாம், டிரைவர் கண்ணாடியில் பார்த்தால் மனுஷர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்திருக்கிறார், விசில் உதட்டில்தான் இருந்ததாம். இருபத்தாறு வருஷ கண்டக்டர். வலது கை இப்போது வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, நடையில் கொஞ்சம் இழுப்பு, அவ்வளவுதான். பேச்சுத்தான் போனது போனதுதான். போனதா? அதுவும் முழுசாகச் சொல்ல முடியாது. ஒன்று இரண்டு மூன்று என்று நூறு வரைக்கும் கடகடவென்று சொல்வார். கெட்ட வார்த்தை சுத்தமாக வரும், அதில் ஒரு சேதாரமும் இல்லை. காந்திபுரம், லட்சுமி மில், நவ இந்தியா, எஸ்ஸோ பங்க், பீளமேடு, ஹோப் காலேஜ், சித்ரா, ஏர்போர்ட், சின்னியம்பாளையம் என்று வரிசையாக வந்துவிடும். ஆனால் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் எடு என்றால் எடுக்க முடியாது. தண்ணி வேண்டும் என்றால் சொம்பைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், த, த, த என்று வரும், பார்க்கப் பொறுக்காது, தண்ணிதானுங்க, இந்தாங்க என்று அவள் கொடுத்துவிடுவாள். அவரும் வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொள்வார். 

முதல் தட்டு முடிந்தது. மூடினாள், இன்குபேட்டருக்குள் வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். பத்து இருபத்தொன்று. சட்டை போட்டிருப்பாரா, பொத்தான் சரியாகப் போட்டிருப்பாரா, கதவைப் பூட்டினாரா. நேற்று ஒரு துண்டுக் காகிதத்தில் கொட்டையெழுத்தில் சித்ரா என்று எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள். அவர் அதை எடுத்தார், பிரித்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார், நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். பேச்சுப் போன மனுஷருக்கு ரோஷம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருக்கிறது, அதற்கு மூளையில் எந்த இடமோ தெரியவில்லை, அங்கே ரத்தம் நன்றாகவே ஓடுகிறது. கழுத்தில் பலகை மாட்டிவிட்ட மாதிரி இருந்திருக்கும் அவருக்கு, பாவம். பாவம் என்று நினைக்காதே என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஃபர்சானா தலைபாடாக அடித்துக்கொள்கிறாள். அக்கா, நீங்க சொல்லிக் குடுத்துட்டே இருந்தா அவரு எதுக்குங்க்கா சொல்லப்போறாரு, ஒரு இருபது எண்ணுங்க, வாயை மூடிட்டு இருபது எண்ணுங்க. எண்ணிப் பார்த்தாள். ஏழு வரைக்கும்தான் தாங்கியது. ஏழுக்கு மேல் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க அவளால் ஆகாது, மனசு என்ன கல்லா?

மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், கிருமி ஏதாவது ஏறியிருந்தால் தெரியும். கண்ணை வைத்தாள். அடடா. பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள், இன்னும் இந்த அடடா அலுக்கவில்லை. உருண்டைகள் விளிம்பெல்லாம் மினுங்க மிதந்துகொண்டிருந்தன, கலங்கல் இல்லை, கருப்பு இல்லை, அத்தனையும் ஆரோக்கியம். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, இன்னும் என்னவாகப் போகிறோம் என்று தெரியாத குழந்தைகள். ஒருநாள் டாக்டர் ரெஜினா கூப்பிட்டு ஒரு வீடியோ காட்டினார், வாங்க துளசிமணி, இதைப் பாக்காம நீங்க இவ்வளவு நாளா சோறு போட்டீங்களே என்று. கருவில் இருக்கிற குஞ்சின் மூளை கட்டப்படுகிற கதை. மூலச்செல் ஒவ்வொன்றும் உள்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரைக்கும் ஒரு நீளக் கையை நீட்டிக் கம்பம் மாதிரி நின்றுகொள்கிறது. அது பெற்ற பிள்ளைச் செல் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு ஏறுகிறது, முக்கி முக்கி, கொஞ்சம் ஏறி நின்று, மறுபடி ஏறி. பெற்றவளும் அவள்தான், ஏணியும் அவள்தான். முதலில் ஏறியது கீழே தங்கிவிடும், பின்னால் வருவது அதைத் தாண்டி மேலே போகும், அதற்கும் பின்னால் வருவது இன்னும் மேலே. அவள் வீட்டுக்காரர் பஸ்ஸில் உள்ள போங்க, உள்ள போங்க என்று தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம், அங்கே ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்காமல் கோடிக்கணக்கில் நடக்கிறது, விசில் ஊத ஆளில்லை. இது எல்லார் தலையிலும் நடந்தது. சென்னியப்பன் தலையிலும் அவருடைய ஆத்தா வயிற்றுக்குள்ளே நடந்தது. அந்த வீடியோவைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட வேண்டும்போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. அப்படிக் கட்டின வீட்டில் ஒரு சின்ன அடைப்பு, ஒரு மிளகு அகலத்துக்கு ரத்தம் போகவில்லை, தண்ணி என்கிற சொல் போயிற்று.

கேட்டேவிட்டாள் ஒருநாள், கேட்காமல் இருக்க முடியுமா. மார்கழியில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாசம் ஆகியும் ஒரு சொல் வராதபோது. மேடம், இத்தன செல்லு இங்க வளத்தறோமே, இதுல ஒரு சொட்டு எடுத்து அவருக்கு ஊசியில போட்டா ஆகாதுங்களா. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வேறொருத்தராக இருந்தால் சிரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று பொய் சொல்லியிருப்பார்கள். செய்தித்தாளோடு வருகிற நோட்டீஸில் அப்படி ஊசி போடுகிறோம் என்று எவனெவனோ போட்டிருக்கிறான். டாக்டர் ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். துளசிமணி, இது எலியோட செல்லு. மனுஷச் செல்லே ஆனாலும் உள்ள போயி எங்க ஒட்டும், என்னவா மாறும், கட்டியா மாறுமான்னு இன்னும் எங்களுக்குத் தெரியலை, தெரிஞ்சுக்கறதுக்குத்தான் நீங்களும் நானும் ஞாயித்துக்கிழமைகூட வந்து கெடக்கறோம். உங்க வீட்டுக்காரர் மூளையில செத்த எடம் செத்ததுதான். ஆனா அதைச் சுத்தி இருக்கறது சாகலை, அது புதுத் தடம் போடும், பக்கத்துல இருக்கறதைப் புடிச்சு வேற பக்கமாப் போயாவது சேரும். ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க, தடம் நடந்தாத்தான் விழும். அவர்தான் நடக்கணும். இவ்வளவு படித்தவர், வெளிநாட்டிலெல்லாம் போய்ப் பேசுகிறவர், தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே சொன்னார். அந்தத் தெரியவில்லையில்தான் அவளுக்கு டாக்டர் ரெஜினா மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காகியது.

பத்து இருபத்தெட்டு. கடைசித் தட்டு. ஓரத்தில் நீலக்கோடு போட்ட தட்டு. நீலக்கோடு என்றால் இதற்குச் சத்துத் திரவம் கிடையாது, வெறும் மீடியம், அந்த ரோஸ் தண்ணீர் மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் யாரானாலும் டாக்டர் ரெஜினா முதல்நாளே சொல்லிவிடுவார், இந்த நீலக்கோடு வந்ததே துளசிமணியாலதான் என்று. சொல்லிச் சிரிப்பார். இப்போது சிரிக்கலாம். அவள் வேலைக்குப் புதுசில் நடந்தது அது. உருண்டைகளைப் பிரித்துக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டவைத்து, சத்தை நிறுத்திவிட்டு, ஏழு நாள் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். இவள் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். இரண்டாம் நாள் பெருகுவது நின்றது. மூன்றாம் நாள் சிலது செத்து மிதந்தன. மீதி எல்லாம் கொழுகொழுப்புப் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பக்கத்துத் தட்டில் சொந்தக்காரக் குட்டிகள் வயிறு புடைக்கத் தின்று பெருகுகின்றன, இதுகள் என்ன பாவம் செய்தன? அழுத பிள்ளைக்குப் பால் உண்டு, அழத் தெரியாத பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்? மனசு கேட்காமல் ஆளுக்கு இரண்டு சொட்டு சத்துத் திரவம் விட்டுவிட்டாள். மறுநாளும் விட்டாள். நாலு நாள் விட்டாள். அதுகள் மறுபடி கொழுத்துப் பெருக ஆரம்பித்தன, இவளுக்கு ஒரே பெருமை. டாக்டர் வந்து பார்த்தார். மூன்று வார வேலை மண்ணாகியிருந்தது. துளசிமணி, வயிறு நெறஞ்சிட்டே இருந்தா இதுக எப்பவுமே குழந்தையாவே இருக்கும், நிறுத்தினாத்தான் நாம என்ன ஆகறதுன்னு அதுகளே முடிவு பண்ணும், அப்பத்தான் கையை நீட்டும், நரம்பாகும். பாசத்துல கெடுத்துட்டீங்களே. அதற்கடுத்த வாரம் அவளையே கூப்பிட்டுக் காட்டினார், சத்து நிறுத்திய ஏழாம் நாள் தட்டை. ஒவ்வொரு செல்லிலிருந்தும் மயிரிழை மாதிரி ஒரு கை, எங்கேயோ யாரையோ தேடி, பக்கத்திலிருப்பதைத் தொட்டு. கொஞ்சம் செத்துத்தான் இருந்தன. மீதி நரம்பாகியிருந்தன. அன்றைக்குத்தான் அவளே நீல மார்க்கரை எடுத்துத் தட்டோரத்தில் கோடு போட்டாள், இது பாசம் காட்டக்கூடாத தட்டு என்று தனக்கே தெரிவதற்காக.

பிப்பெட் பாதியில் நின்றது.  நேற்றுச் சாயங்காலம் அவர் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்த பிறகு அவள் கொல்லைப் பக்கம் போய்ச் செய்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது, ஞாபகம் எங்கே போயிருந்தது, காலையிலிருந்து கூடவேதான் இருந்தது. குப்புராஜண்ணனுக்குப் போன் போட்டாள். வீட்டுக்காரர் வேலை பார்த்த பஸ்ஸில் இப்போது விசில் ஊதுகிறவர் குப்புராஜ், இருவரும் மாறி மாறி ஷிப்ட் பார்த்த கூட்டாளிகள். அண்ணா, பத்து நாப்பதுக்கு அவரு வருவாருங்க, எங்கன்னு கேட்றாதீங்கண்ணா, கேட்டாத் தவிச்சுப் போயிருவாரு, பேசாம சித்ராவுல எறக்கி உட்ருங்க, நான் சொன்னேன்னும் சொல்லிப்போடாதீங்க. அவர் என்ன சொன்னார், நீ எதுக்குக் கவலப்படறே தங்கச்சி, அவரு வாயே தொறக்க வேண்டாம், நான் பாத்துக்கறேன். வாயே திறக்க வேண்டாம். இப்போது அந்த வார்த்தை ஊசி மாதிரி இறங்கியது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், இவள் அவர் வாயைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாளே. தண்ணி வேணுங்களா, டீ வேணுங்களா, பேன் போடட்டுங்களா. இரண்டு சொட்டு, இரண்டு சொட்டு. ஒன்பது மாசமாக. நீலக்கோட்டைப் போட்டவளே சத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஆனால் கேட்டுவிட்டு அவரால் முடியாமல் போனால்? பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால், இருபத்தாறு வருஷம் ஊருக்கே ஸ்டாப்புப் பெயர் சொன்ன மனுஷர், தான் இறங்குகிற ஸ்டாப்பைச் சொல்ல முடியாமல் உதடு குவிந்து நின்றால்? அவமானத்தில் ஹோப் காலேஜிலேயே இறங்கி எங்கேயாவது போய்விட்டால்? இனிமேல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்? கொஞ்சம் செத்துத்தான் இருந்தன. மீதி நரம்பாகியிருந்தன. பத்து முப்பத்தெட்டு.

தட்டில் வெறும் மீடியத்தை ஊற்றி மூடி உள்ளே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் கல்ச்சர் ரூமைவிட்டு வெளியே ஓடினாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, அலமாரியில் இருந்தது. மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"சொல்லு தங்கச்சி, ஏறிட்டாரு, முன் சீட்டுலதான் இருக்கறாரு, வண்டி எடுத்தாச்சு."

"அண்ணா, நேத்துச் சொன்னத மறந்துருங்கண்ணா. எல்லார்த்தையும் கேக்கற மாதிரி அவரையும் கேளுங்க. எங்கன்னு கேளுங்க."

"அட என்ன தங்கச்சி நீ, நேத்து ஒண்ணு சொல்றே, இன்னைக்கு ஒண்ணு சொல்றே. வண்டியில ஆளு இருக்கறாங்க, எதுக்கு அவரச் சங்கடப்படுத்தோணும்?"

"சங்கடப்படட்டுங்கண்ணா. அவரு சொல்ற வரைக்கும் டிக்கெட் குடுக்காதீங்க. நீங்களும் எடுத்துக் குடுக்காதீங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

அவர் போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும், துணி உரசியது, இன்ஜின் உறுமியது, பிறகு குப்புராஜின் குரல், கண்டக்டர் குரல், கொஞ்சம் உரக்க, "எங்கீங்க?"

சத்தமில்லை. இன்ஜின் மட்டும். துளசிமணி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. உதடு குவிந்திருக்கும். நாலு, ஐந்து. நரம்பு புடைத்திருக்கும். நாக்கு நுனியில் அவளுக்கு சித்ரா வந்து நின்றது, சொன்னாலும் அங்கே கேட்காது, ஆனாலும் வந்து நின்றது, பல்லால் கடித்துக்கொண்டாள். ஏழு. எட்டு. பதினொன்று. யாரோ ஒரு பெண், "பாவம், அவருக்குப் பேச வராது போல, பீளமேடுங்களா?" என்றாள். புண்ணியவதி, நீ ஒருத்தி எங்கிருந்து வந்தாய்!

"சும்மா இரு!" என்றது சென்னியப்பன் குரல், சுத்தமாக, இடி விழுந்த மாதிரி. பிறகு கடகடவென்று, "காந்திபுரம், லட்சுமி மில், நவ இந்தியா, எஸ்ஸோ பங்க், பீளமேடு, ஹோப் காலேஜ், சித்ரா, ஏர்போர்ட்." நின்றது. அய்யோ, தாண்டிவிட்டதே. வேகத்தில் தாண்டிவிட்டதே. அது அப்படித்தான், வரிசை கிளம்பினால் நடுவில் நிற்காது. யாரோ லேசாகச் சிரித்தார்கள். குப்புராஜ் வாயைத் திறக்கவில்லை, மகராசன். பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

"ஏர்போர்ட்டு," என்றார் சென்னியப்பன். மூச்சு வாங்கியது. "ஏர்போர்ட்டுக்கு... மு... முந்துனது."

முந்துனது. அது எந்த வரிசையிலும் இல்லாத சொல். நூறு வரைக்கும் எண்ணினாலும் வராது, ஸ்டாப்புப் பட்டியலில் கிடையாது, திட்டும்போது வராது, அவள் எடுத்துக் கொடுத்ததும் இல்லை. செத்த இடத்தில் மோதி மோதி நின்றுவிட்டு, தாண்டிப்போய், பக்கத்திலிருந்ததைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி வந்து தொட்டுவிட்டாரே, அடப்பாவி மனுஷா!

விசில் ஒரு தடவை நீளமாக ஒலித்தது, துணி உரசியது, குப்புராஜ் போனைக் காதில் வைத்துவிட்டார். "கேட்டுச்சா தங்கச்சி?" அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது. "நேரா வாசலுக்கு வரச் சொல்லட்டுமா? என்ன சொல்லட்டும்?"

துளசிமணி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள், கழுத்து புடைத்தது, வ, வ என்று காற்றுத்தான் வந்தது. குப்புராஜண்ணன் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் சொல்லுகிற வரைக்கும் காத்திருந்தார்.